ஊர்ப் பள்ளிக்கூடத்துல பெரியவங்களுக்கு சாயங்கால வகுப்பு நடத்துறது எப்படி

நம்ம ஊர் ஒன்றியப் பள்ளிக்கூடம் சாயங்காலம் பூட்டினா மறுநாள் காலையிலதான் திறக்குது, உள்ள கரும்பலகை இருக்கு, லைட் இருக்கு, தண்ணி இருக்கு, பாத்ரூம் இருக்கு, அதே தெருவுல பேங்க் சலானைக் கையில வச்சுக்கிட்டு யாராவது எழுதித் தருவாங்களான்னு நிக்கிற அக்காவும் இருக்காங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டோட எழுத்தறிவு 80.09 சதவீதம், பெண்களை மட்டும் பாத்தா 73.44, அப்படின்னா பெண்கள்ல நாலு பேருக்கு ஒருத்தருக்கும் மேல எழுதப் படிக்கத் தெரியாது. அதுக்கப்புறம் மாறியிருக்கும்தான், ஆனா 45, 50 வயசு தாண்டினவங்க நிறைய பேர் இதுக்காகத் திரும்ப ஸ்கூலுக்குப் போயிருக்க மாட்டாங்க. இந்த மாதிரி ஒரு வகுப்பை உங்க ஊர்ல ஆரம்பிக்கணும்னு நினைக்கிற ஆசிரியர்கள், எஸ்எம்சின்னு சொல்ற பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், படிச்ச பசங்க எல்லாருக்கும் நான் பாத்து தெரிஞ்சுக்கிட்டதை சொல்றேன். முதல்லயே ஒன்னு சொல்லிடுறேன், வகுப்பு நிக்கிறதும் நடக்குறதும் பாடப் புத்தகத்துல இல்ல, வர்றவங்களோட நேரத்தையும் மானத்தையும் நீங்க எவ்வளவு மதிக்கிறீங்கங்கிறதுலதான் இருக்கு.

அனுமதி விஷயம் பெரிய கஷ்டமில்ல. தலைமை ஆசிரியர்கிட்ட பேசி, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டுடுங்க, சாவி யார்கிட்ட இருக்கும், ராத்திரி யார் பூட்டுவாங்க, ஏதாவது உடைஞ்சா யார் பொறுப்புன்னு அந்தத் தீர்மானத்துலயே எழுதிக்கோங்க. மத்திய அரசோட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022ல இருந்து 2027 வரைக்கும் ஓடுது, உல்லாஸ்னும் சொல்றாங்க, 15 வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம், தமிழ்நாட்டுல இதைப் பள்ளி சாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் பாத்துக்குது. உங்க வட்டார வள மையத்துல போய்க் கேட்டீங்கன்னா மையத்தைப் பதிவு பண்றது, புத்தகம், தேர்வு எல்லாத்துக்கும் வழி சொல்லுவாங்க. சொல்லிக் கொடுக்கிற தன்னார்வலருக்கு சம்பளம் கிடையாது, இதை ஆள் சேர்க்கும்போதே வெளிப்படையா சொல்லிடுங்க, பின்னாடி வரும்னு ஆசை காட்டாதீங்க.

யாரைக் கூப்பிடுறது, எப்படிக் கூப்பிடுறது

மைக் கட்டி "எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வரவும்"னு மட்டும் சொல்லிடாதீங்க, ஒருத்தரும் வரமாட்டாங்க. தெருவுல எல்லாரும் பாத்துட்டிருக்க, எனக்குத் தெரியாதுன்னு யாரு எழுந்து வருவாங்க சொல்லுங்க. உங்க பள்ளிக்கூடத்துலயே ஒரு லிஸ்ட் இருக்கு, பெற்றோர் கூட்டத்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்க, கைநாட்டு வச்சவங்க யார் யாருன்னு தெரியும். அந்த லிஸ்ட்டை வெளிய காட்டாதீங்க, வீட்டுக்குப் போங்க, தனியா உக்காந்து பேசுங்க, அதுவும் முதல் நாளே படிக்க வாங்கன்னு ஆரம்பிக்காம எந்த இடத்துல எழுத்து தெரியாம சிரமப்படுறாங்கன்னு கேளுங்க. ஒருத்தர் பஸ் போர்டுன்னு சொல்லுவாங்க, ஒருத்தர் சங்கத்து கடன் பாஸ்புக்குன்னு சொல்லுவாங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்க எத்தனை நாள் வருகை ஏறியிருக்குன்னு தெரியலம்பாங்க, மகன் துபாய்ல இருந்து வாட்ஸ்அப்ல அனுப்புறதைப் படிக்கணும்னு ஒரு அம்மா சொல்லுவாங்க. இதெல்லாத்தையும் நோட்டுல குறிச்சுக்கோங்க, பின்னாடி உங்க பாடத்திட்டமே இதுதான்.

மகளிர் குழு தலைவிகளைக் கண்டிப்பா பிடிங்க. குழுக் கூட்டத்துல கையெழுத்துப் போட ஆசைப்படுறவங்க நிறைய பேர் இருப்பாங்க, நாலு பேர் சேந்து வந்தா அடுத்த நாலு பேர் தானா வருவாங்க. ஒரே வீட்டு மாமியாரையும் மருமகளையும் ஒரே குழுவுல உக்கார வைக்காதீங்க, முடிஞ்சா வகுப்பு வர்ற நாளையே மாத்திக் கொடுங்க, மருமக முன்னாடி தப்பா படிக்க மாமியாருக்கு மனசு வராது, மாமியார் இருந்தா மருமக வாயே திறக்க மாட்டா.

இடம் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். சில ஊர்ல கோயில் மண்டபத்துல வச்சுக்கலாம்னு சொல்லுவாங்க, காத்தோட்டமா இருக்கும்னு காரணம் சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. காலனியில இருந்து வர்றவங்க அந்தப் படியில கால் வைக்கத் தயங்குவாங்க, வகுப்பு அங்கயே ரெண்டா உடைஞ்சிடும். அரசுப் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் பொது, அங்க ஒரே பாய், ஒரே தண்ணிக் குடம், ஒரே டம்ளர்னு முதல் நாளே நடைமுறைப்படுத்திடுங்க, அதுல யாராவது முகம் சுளிச்சாலும் மாத்திக்காதீங்க.

நேரம்

அதிகாரிங்க சொல்ற நேரத்தை விட ஊர் சொல்ற நேரம்தான் சரி. விவசாய வேலைக்குப் போற பெண்கள் சாயங்காலம் வந்து தண்ணி பிடிச்சு, சமைச்சு, பிள்ளைங்களுக்கு சோறு போட்டு முடிக்க எட்டு மணி ஆயிடும், சில ஊர்ல மதியம் மூணு மணிதான் அவங்களுக்கு ஓய்வு, அப்ப பள்ளிக்கூடம் நடந்துட்டிருக்கும்னா வராண்டாவுலயோ காலியா இருக்கிற அறையிலயோ வச்சுக்கணும். கட்டட வேலைக்குப் போற ஆம்பளைங்க சனிக்கிழமை சம்பள நாள்ல வரவே மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை காலையில வருவாங்க. அதனால பெண்களுக்கு ஒரு நேரம், ஆண்களுக்கு ஒரு நேரம்னு ரெண்டா வச்சாலும் தப்பில்ல. ஒரு வகுப்பு ஒன்னேகால் மணி நேரம், அதிகபட்சம் ஒன்றரை, அதுக்கு மேல கண்ணு சொருகிடும், காலையில நாலு மணிக்கு எழுந்தவங்க பாருங்க.

நடவு, அறுப்பு நேரத்துல மூணு வாரம் லீவு விட்டுடுங்க, நீங்களே முன்கூட்டி அறிவிச்சு விடுங்க. லீவு விடாம வகுப்பை இழுத்தா வராதவங்க குற்ற உணர்ச்சியில அப்படியே நின்னுடுவாங்க, லீவு விட்டா திரும்ப வர ஒரு தேதி இருக்கும். ஆடி மாசத் திருவிழா, முகூர்த்த நாள் எல்லாத்தையும் காலண்டர்ல பாத்து ஆரம்பத்துலயே வட்டம் போட்டு வச்சுக்கோங்க.

முதல் வாரத்துலயே கண்ணைப் பாருங்க

இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. நாப்பது வயசுக்கு மேல எல்லாருக்குமே கிட்ட இருக்கிறது மங்கலாத் தெரிய ஆரம்பிக்கும், படிச்சவங்க கண்ணாடி போட்டுக்கிறாங்க, படிக்காதவங்களுக்கு அப்படி ஒரு குறை இருக்கிறதே தெரியாது, ஏன்னா அவங்க எதையும் கிட்ட வச்சுப் படிச்சதில்ல, ஊசியில நூல் கோக்க மட்டும் பேத்தியைக் கூப்பிடுவாங்க. அவங்க கையில புத்தகத்தைக் கொடுத்தீங்கன்னா கையை நீட்டித் தள்ளி வச்சுப் பாப்பாங்க, எழுத்து ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டுத் தெரியும், "எனக்கு மூளையில ஏறல"ன்னு சொல்லிட்டு நின்னுடுவாங்க. அது மூளைப் பிரச்சினையே இல்ல, கண்ணாடிப் பிரச்சினை. ஆரம்ப சுகாதார நிலையத்துல கண் பரிசோதகர் எந்த நாள் வர்றார்னு விசாரிச்சு எல்லாரையும் ஒரே நாள்ல கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா தனியார் கண் ஆஸ்பத்திரி முகாமைப் பள்ளிக்கூடத்துலயே நடத்தச் சொல்லிக் கேளுங்க. புரை இருந்தா அப்பவே தெரிஞ்சிடும். கண்ணாடி வாங்க காசு தேத்துறதுதான் இந்த வகுப்புக்கு நீங்க பண்ற முதல் செலவா இருக்கணும், சாக்பீஸ் நோட்டெல்லாம் அப்புறம்.

வெளிச்சமும் அதே மாதிரிதான், பகல்ல பிள்ளைங்களுக்குப் போதுமான ஒரு டியூப்லைட் ராத்திரி பெரியவங்களுக்குப் பத்தாது, இன்னும் ரெண்டு எல்இடி போடுங்க. ஒன்னாங்கிளாஸ் பெஞ்ச்சுல பெரியவங்களை உக்கார வைக்காதீங்க, முட்டி வலிக்கிறவங்களுக்கு நாலு பிளாஸ்டிக் சேர், மத்தவங்களுக்குப் பாய்.

கையைப் பழக்குறது

பென்சில் பிடிக்கிறதுலயே முதல் ரெண்டு மூணு வகுப்பு போகும், போகட்டும். மண்வெட்டி பிடிச்ச கை, நாத்துப் பறிச்ச கை, காய்ச்சுப் போன விரல், அந்தக் கையால பென்சிலைப் பிடிச்சா அழுத்தம் தாங்காம முனை ஒடியும், பேப்பர் கிழியும், அவங்களுக்கு வேர்த்துக் கொட்டும், பக்கத்துல இருக்கிறவங்க சிரிப்பாங்களோன்னு நிமிந்து பாப்பாங்க. அதனால பேப்பர்ல ஆரம்பிக்காதீங்க. பலகையும் குச்சியும் கொடுங்க, இல்லன்னா தரையில சாக்பீஸால பெருசா எழுத விடுங்க, தப்பானா கையால துடைச்சுக்கலாம், சாட்சி இருக்காது. வாசல்ல தினம் புள்ளி வச்சுக் கோலம் போடுற கை அது, தரையில வளைவும் சுழியும் அவங்களுக்கு வரும், ட, ப, ம எல்லாம் கட்டம் கட்டமா இருக்கிற எழுத்து, சுலபமா வந்துடும், அ, இ, ஈ ரெண்டு மாசம் கழிச்சு வந்தாப் போதும்.

தமிழ்ல மொத்தம் 247 எழுத்துன்னு முதல் நாளே சுவர்ல சார்ட் மாட்டி பயமுறுத்தாதீங்க. உயிர், மெய், உயிர்மெய்னு வரிசையா போறது குழந்தைங்களுக்கு சரி, அவங்களுக்கு வருஷக்கணக்கா நேரம் இருக்கு, இவங்களுக்கு இல்ல. தெரிஞ்ச வார்த்தையில இருந்து எழுத்துக்குப் போங்க. பட்டா, படம், மாடு, பாட்டி, தாத்தா, வீடு, இப்படி. பட்டான்னு எழுதினதும் வகுப்பே நிமிந்து உக்காரும், நிலம் சம்பந்தப்பட்ட வார்த்தை இல்லையா. ஆ காலும் இ கொக்கியும் முதல்ல, அப்புறம் உகரம், ஆனா கு, டு, து, மு ஒவ்வொன்னும் வேற வேற மாதிரி வளையும், ஒரே விதி சொல்லி விட்டுடாம ஒவ்வொன்னையும் தனி எழுத்தாவே பழக்குங்க. கொம்பு வர்ற எழுத்துதான் நிஜமாவே கஷ்டம், கெ, கே, கை, அதுலயும் கொ, கோ, ஏன்னா காதுல கடைசியா கேக்குற உயிர் ஒலிக்கான குறியை எழுத்துக்கு முன்னாடியே எழுதணும், அதனால அதை மூணாவது மாசத்துக்குத் தள்ளுங்க. ந, ன, ண தப்பாப் போட்டா விடுங்க, படிக்க வந்தாச்சுன்னா அது தானா சரியாகும்.

ஒரு வகுப்பு எப்படிப் போகணும்னு கேட்டா, நான் பண்றது இதுதான். முதல் பத்து நிமிஷம் சும்மா ஊர்க்கதை, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேப்பேன். "கிணத்துல தண்ணி இல்ல, மோட்டார் ஓடல"ன்னு ஒருத்தர் சொன்னா அதை அவங்க சொன்ன மாதிரியே போர்டுல பெருசா எழுதுவேன், இலக்கணம் திருத்த மாட்டேன். எழுதிட்டு ஒவ்வொரு வார்த்தையா விரல் வச்சுக் காட்டி, யாரு சொன்னாங்களோ அவங்களையே முதல்ல படிக்கச் சொல்லுவேன், அவங்க சொன்னதுங்கிறதால பாதி மனப்பாடத்துலயே படிச்சிடுவாங்க, பரவாயில்ல, அப்புறம் தண்ணிங்கிற வார்த்தையை மட்டும் தனியா எழுதி இது எங்க இருக்கு கண்டுபிடிங்கன்னு கேப்பேன், அங்கதான் நிஜமான படிப்பு நடக்குது. அதுல இருந்து ஒரே ஒரு புது எழுத்து, அதைப் பலகையில எழுதுறது, பத்துப் பதினைஞ்சு நிமிஷம் கணக்கு, கடைசியா ஏதாவது ஒரு நிஜப் பொருளைப் படிக்கிறது, பஸ் டிக்கெட், மருந்து அட்டை, ரேஷன் கடை ரசீது, அவ்வளவுதான்.

கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, அவங்களுக்குக் கணக்குத் தெரியும். பூ கட்டி விக்கிறவங்க முழம் கணக்கும், சீட்டு கட்டுறவங்க தள்ளுபடிக் கணக்கும் மனசுலயே போடுவாங்க, உங்களை விட வேகமா. தெரியாதது அதை எழுதுறதுதான். போன்ல நம்பர் அழுத்திப் பழகினதால 0ல இருந்து 9 வரைக்கும் ஓரளவு அடையாளம் தெரியும், அதுல இருந்து மூணு இலக்கம், நாலு இலக்கம்னு போங்க. ஆதார் நம்பரை நாலு நாலா பிரிச்சுப் படிக்க வச்சா நல்ல பயிற்சி. ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுங்கிறதும் கணக்கு வகுப்புலயே வந்துடணும், மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் சம்பளம் எல்லாம் இப்ப நேரா பேங்க் கணக்குலதான் விழுது, ஏமாத்துறவன் முதல்ல போன் பண்றது இவங்களுக்குத்தான்.

கையெழுத்து பத்தி தனியா சொல்லியே ஆகணும். எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான், "என் பேரை மட்டும் எழுதக் கத்துக் குடுங்க டீச்சர்"னு, சரின்னு முதல் வாரத்துலயே பேரைப் பெரிய அட்டையில எழுதிக் கொடுத்துடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும். ஆனா உடனே பேங்க்குக்கு ஓடிப் போய் கைநாட்டைக் கையெழுத்தா மாத்த விடாதீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி போட வந்ததுக்கப்புறம்தான் போகணும், இல்லன்னா மாதிரிக் கையெழுத்தும் சலான்ல இருக்கிறதும் ஒத்து வரலைன்னு கவுன்ட்டர்ல திருப்பி அனுப்புவாங்க, நாலு பேர் முன்னாடி அந்த அவமானம் பட்டவங்க திரும்ப வகுப்புக்கு வர்றது கஷ்டம். பழைய சலான்களை ஜெராக்ஸ் எடுத்து வகுப்புலயே நிரப்பச் சொல்லுங்க, தேதி, கணக்கு எண், தொகை எண்ணுல, தொகை எழுத்துல. ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம் இந்த மூணையும் பாக்காம எழுத வந்துடுச்சுன்னா முக்கால்வாசி சலான் முடிஞ்சுது. அப்புறம் பாஸ்புக், ஆதாரோட ஒரு குழுவா பேங்க்குக்குக் கூட்டிட்டுப் போய், முன்னாடியே மேனேஜர்கிட்ட சொல்லி வச்சு, கூட்டம் இல்லாத நேரத்துல மாத்திட்டு வாங்க. எங்க வகுப்புல ஒரு பெரியம்மா அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு முடிச்சதும் பழக்க தோஷத்துல கட்டை விரலை மை டப்பா பக்கம் நீட்டிட்டாங்க, கிளார்க்கே "வேணாம்மா, போட்டுட்டீங்க"ன்னு சொல்லி டப்பாவை மூடி வச்சார், அவங்க முகத்தை அன்னைக்குப் பாத்திருக்கணும் நீங்க.

சொல்லிக் கொடுக்கிறவங்க

பட்டம் வாங்கினவங்கதான் வேணும்னு இல்ல. அதே தெருவுல பிளஸ் டூ முடிச்சிட்டுக் கல்யாணமாகி வந்த பொண்ணுதான் என் அனுபவத்துல ரொம்ப நாள் நிக்கிறவங்க, பிள்ளைங்களுக்கு அரசு நடத்தின சாயங்கால வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில வேலை செஞ்சவங்க கிடைச்சா இன்னும் நல்லது, காலேஜ் பசங்க உற்சாகமா வருவாங்க, செமஸ்டர் வந்ததும் காணாமப் போயிடுவாங்க, அவங்களைத் துணைக்கு வச்சுக்கோங்க. ஒரு வகுப்புக்கு எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும், ஒருத்தருக்குக் காய்ச்சல்னா வகுப்பு நிக்கக் கூடாது. அத்தை, பெரியம்மா, அக்கா, அண்ணேன்னு வீட்டுல கூப்பிடுற மாதிரியே கூப்பிடச் சொல்லுங்க, எழுந்து நின்னு பதில் சொல்லுன்னு சொல்லக்கூடாது, சிவப்பு மையில பெருக்கல் குறி போடக்கூடாது, மத்தவங்க முன்னாடி தப்பைச் சுட்டக்கூடாது. பக்கத்துல உக்காந்து சரியானதை எழுதிக் காட்டினாப் போதும்.

கைக்குழந்தையோட வர்றவங்களுக்குன்னு ஒரு மூலையில பாயும் பொம்மையும் போட்டு, வளர்ந்த பொண்ணு யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க, இது இல்லாம இளம் தாய்மார் வரவே முடியாது.

மூணாவது நாலாவது வாரத்துலதான் ஆள் குறைய ஆரம்பிக்கும். தொடர்ந்து ரெண்டு வகுப்பு வரலைன்னா அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்குப் போங்க, ஏன் வரலைன்னு கேக்காம உடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க. புருஷன் திட்டுறார்னா அவர்கிட்டயும் பேசுங்க, ஆம்பளைங்க வகுப்புக்கு அவரையே கூப்பிடுங்க. படிப்போட சேத்து வேற ஏதாவது ஒரு பயன் கையில கிடைச்சா ஆள் தொடர்ந்து வருவாங்க. 1990கள் தொடக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளிங்கிற எழுத்தறிவு இயக்கம் நடந்தப்ப அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுக்கிறதையும் அதோட சேத்துக்கிட்டாங்க, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் எடுத்தாங்க, யாரையும் எதிர்பாக்காம தானா போய் வர முடிஞ்சதும் படிப்பு மேலயும் ஒரு தைரியம் வந்துச்சு. இன்னைக்கு அந்த இடத்துல ஸ்மார்ட்போனை வைக்கலாம், தையலை வைக்கலாம், பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமா இருக்கிறதால எல்லாருமா சேந்து அவங்களே பஸ் போர்டு படிச்சு ஏறிப் போய் வர்ற ஒரு நாளை வைக்கலாம்.

தேர்வும் அதுக்கு அப்புறமும்

திட்டத்துல 200 மணி நேரம் கற்பித்தல்னு வச்சிருக்காங்க, அதுக்கப்புறம் அடிப்படை எழுத்தறிவுத் தேர்வு, 150 மார்க், படிக்கிறதுக்கு 50, எழுதுறதுக்கு 50, கணக்குக்கு 50. நம்ம பள்ளிக்கூடத்துலயே நடக்கும். தேர்வுன்னு சொன்னதும் பாதி பேர் பயந்து ஊருக்குப் போயிடுவாங்க, அதனால ரெண்டு மூணு தடவை அதே மாதிரி வினாத்தாளை சும்மா பயிற்சித்தாளுன்னு சொல்லிக் கொடுத்துப் பழக்கிடுங்க. தேர்வு நாள்ல பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா விடுங்க.

சான்றிதழோட நிறுத்தினா ஆறு மாசத்துல எழுத்து மறந்துடும். வாரத்துல ரெண்டு நாள் அறையைத் திறந்து வச்சு பேப்பர், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் போடுங்க, மகளிர் குழுத் தீர்மான நோட்டை அவங்களே எழுதட்டும், தப்பும் தவறுமா இருந்தாலும் சரி.

மேல படிக்கணும்னு கேக்குறவங்களுக்கு வழி இருக்கு. எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தனித்தேர்வரா எழுதலாம், எட்டாவதுக்குப் பன்னிரண்டரை வயசு, பத்தாவதுக்குப் பதினாலரை வயசு முடிஞ்சிருக்கணும், அதிகபட்ச வயசு கிடையாது. பத்தாவது நேரடியா எழுதுறவங்க அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியா பதிவு பண்ணணும், இது தெரியாம நிறைய பேர் ஒரு வருஷத்தை விட்டுடுறாங்க. தேசிய திறந்தநிலைப் பள்ளியில பத்தாவதுக்கு ஒரு தடவை சேந்தா அஞ்சு வருஷம் செல்லும், பாடத்தைப் பிரிச்சுப் பிரிச்சு எழுதிக்கலாம், வேலைக்குப் போறவங்களுக்கு இது தோது. ஆனா அரசு வேலைக்கு முயற்சி பண்ணப் போறவங்களா இருந்தா எந்தச் சான்றிதழை ஏத்துக்குவாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் சேருங்க, பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாம நேரா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல வாங்கின பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏத்துக்கிறதில்ல, 2009லயே அரசாணை இருக்கு. தனித்தேர்வர் அறிவிப்பு தேர்வுத்துறை இணையதளத்துல வரும், சேவை மையத்துல போய்ப் பதிவு பண்ணணும், அவகாசம் கொஞ்ச நாள்தான் கொடுப்பாங்க, அதனால ஆதார், பிறப்புச் சான்று, முன்னாடி படிச்சிருந்தா அந்தப் பள்ளிக்கூடத்து டிசி, போட்டோ எல்லாத்தையும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கவர்ல போட்டு இப்பவே ரெடியா வச்சுக்கோங்க, டிசி தொலைஞ்சவங்களுக்கு நகல் வாங்கவே சில சமயம் ஒரு மாசம் ஆகும்.